ஏப்ரலுக்கு ஒரு மேடை: விஸ்லரின் இலவசக் கச்சேரிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது விஸ்லர். வட அமெரிக்காவின் மிகப் பெரிய பனிச்சறுக்குத் தலங்களில் ஒன்று. விஸ்லர், பிளாக்கோம்ப் என்ற இரண்டு மலைகள், 200க்கும் மேற்பட்ட சறுக்குத் தடங்கள், ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து மீட்டருக்கு மேல் விழும் பனி. இத்தனை வளம் இருந்தும் இந்த ஊரின் வரவு செலவில் ஓர் ஓட்டை இருந்தது. மலைமேல் பனி மிக ஆழமாகக் கிடப்பது பெரும்பாலும் ஏப்ரலில். ஓட்டல் அறைகள் காலியாகத் தொடங்குவதும் அதே ஏப்ரலில்தான். அந்த ஓட்டையை அடைக்க 1996இல் ஒரு விழா தொடங்கியது. மலையடிவாரத்தில் திறந்த வெளியில் மேடை போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து பாட்டுக் கேட்கலாம் என்றார்கள். அந்த மேடை எப்படி வேலை செய்தது, செலவை யார் ஏற்றார்கள், எங்கே தடுமாறியது என்பதை இங்கே பார்க்கலாம்.

இத்தகைய கச்சேரிகளை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வியாபாரத்துக்காகத் தொடங்கியது உண்மைதான். ஆனால் வேலி இல்லாத ஒரு மைதானத்தில் நடந்ததால் அது ஊரின் சொத்தாக மாறியது. அந்த மாற்றம் தானாக நடக்கவில்லை; இடம், நேரம், பணம் மூன்றும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் அமைந்ததால் நடந்தது.

பனி இருக்கிறது, ஆள் இல்லை

பனிச்சறுக்குத் தலங்கள் பனி தீர்ந்ததால்தான் மூடுகின்றன என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல இடங்களில் உண்மை வேறு. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பனியின் மொத்த இருப்பு உச்சத்தைத் தொடுவது வழக்கமாக ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். அங்குள்ள பெரிய தலங்கள் பலவும் அடுத்த சில நாட்களிலேயே, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளை நிறுத்திவிடுகின்றன. பனி தீர்வதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் தீர்ந்துவிடுகிறார்கள்.

காரணம் மலையில் இல்லை, நகரத்தில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வான்கூவர் தெருக்களில் செர்ரி மரங்கள் பூத்துவிடுகின்றன. சைக்கிளும் படகும் வெளியே வருகின்றன. ஜன்னலுக்கு வெளியே பூ தெரியும்போது, இரண்டு மணி நேரம் காரோட்டிப் போனால் இன்னும் முழுக் குளிர்காலம் காத்திருக்கிறது என்பது மனதில் ஏறுவதில்லை. அந்த மாகாணத்தில் பள்ளிகளின் வசந்தகால விடுமுறை மார்ச் இரண்டாம் பாதியோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் குடும்பங்கள் வருவதற்கு ஒரே சாக்கு ஈஸ்டர்.

ஈஸ்டரோ நிலையாக ஓரிடத்தில் நிற்கும் பண்டிகை அல்ல. மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2008இல் மார்ச் 23 அன்று வந்தது. 2011இல் ஏப்ரல் 24 அன்று வந்தது. ஏப்ரல் பிற்பகுதியில் விழுந்தால் ஊருக்குக் கொண்டாட்டம். மார்ச்சில் விழுந்தால், அதற்குப் பிந்தைய வாரங்களுக்குக் காலண்டரில் எந்த ஆதரவும் இல்லை. நிலவின் கணக்கை நம்பி ஓட்டல் நடத்தும் நிலை இது.

மறுபக்கம் செலவு குறைவதில்லை. லிஃப்ட் ஓட வேண்டும். இரவெல்லாம் தடங்களைச் சமன் செய்யும் வாகனங்கள் ஓட வேண்டும். மீட்புக் குழுவினர் விடியும் முன்பே மலையேற வேண்டும். இரண்டாயிரம் பேர் வந்தாலும் இருபதாயிரம் பேர் வந்தாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஏப்ரலில் கூடுதலாக வரும் ஒவ்வொருவரும் செலுத்தும் பணம் அநேகமாக அப்படியே மிச்சம். காலியாகக் கிடக்கும் ஓட்டல் அறையும் அப்படித்தான்: நேற்றிரவு விற்காத அறையை இன்று விற்க முடியாது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், ஒரு பாட்டுக் குழுவுக்குப் பெரிய தொகை கொடுத்துக் கேட்பவரிடம் ஒரு காசும் வாங்காமல் விடுவது ஏன் லாபமாக முடியும் என்பது விளங்கும்.

1996

டக் பெர்ரி என்பவர் தொடங்கிய உலக ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு விழா அந்த ஆண்டு ஏப்ரலில் முதன்முறையாக நடந்தது. அது பத்து நாள் விழாவாக வளர்ந்து, பல ஆண்டுகள் டெலஸ் தொலைபேசி நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நடந்தது. பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியிருக்கிறது.

இசையை மட்டும் நம்பித் தொடங்கிய விழா அல்ல என்பது இங்கே முக்கியம். பகலில் மலைமேல் போட்டிகள். மாலையில் திறந்தவெளியில் இலவசக் கச்சேரி. இரவில் அரங்குகளுக்குள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நிகழ்ச்சிகள்: மலை விளையாட்டைப் படம் பிடிக்கும் தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் போட்டி, 72 மணி நேரத்துக்குள் ஒரு குறும்படத்தை எழுதி, படமாக்கி, தொகுத்துத் திரையிட வேண்டிய போட்டி, கதை சொல்லும் இரவுகள். அந்தக் குறும்படப் போட்டியில் கலந்துகொள்பவர்கள் மூன்று நாட்கள் உறங்காமல் ஊருக்குள் கேமராவோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் நடிகராவார், லிஃப்டில் டிக்கெட் சரிபார்ப்பவர் கதாநாயகியாவார். மேடையில் பாடுபவர் வெளியூர்க்காரர். திரையில் தெரிபவர் உள்ளூர்க்காரர். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் விழாவின் பலம்.

விழாவில் கேலிக்கூத்துக்கும் இடம் உண்டு. சரிவின் அடியில் ஒரு குளம் வெட்டி, உருகிய நீரை நிரப்பி, வேடம் போட்டுக்கொண்டு மேலிருந்து சறுக்கி வந்து, மூழ்காமல் அக்கரை சேர முயல்வார்கள். பெரும்பாலானவர்கள் நடுக்குளத்தில் முழுகுவார்கள். கரையில் இருப்பவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். இந்த வழக்கம் விஸ்லரில் பிறந்ததல்ல. ஆல்பர்ட்டா மாகாண எல்லையை ஒட்டிய சன்ஷைன் வில்லேஜ் தலத்தில் 1928 முதல் பருவ இறுதியில் நடந்துவருகிறது. பனிக்கு விடைகொடுக்கும் சடங்கு எந்த விளம்பர நிறுவனமும் கண்டுபிடித்தது அல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி. விழா ஏற்பாட்டாளர்கள் ஏற்கெனவே இருந்த ஒரு மனநிலைக்கு மேடை அமைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவே.

பனியின் கடிகாரமும் கச்சேரியின் கடிகாரமும்

வசந்தகாலப் பனிக்கு ஒரு நாளொழுங்கு உண்டு. பகலில் உருகி இரவில் இறுகி, மீண்டும் உருகி மீண்டும் இறுகி, பனித்துகள்கள் அரிசிக் குருணைபோல மணிமணியாகிவிடுகின்றன. காலை எட்டு மணிக்குத் தடம் கல்லாக இருக்கும். பத்து, பதினொரு மணி வாக்கில் மேல்பரப்பு இளகி, சறுக்குவதற்கு அவ்வளவு இதமாக ஆகிவிடும். இந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே ஏப்ரலில் வருபவர்கள் உண்டு. மதியம் இரண்டு மணி தாண்டினால் தாழ்வான சரிவுகள் கூழாகிப் பலகையைப் பிடித்து இழுக்கும். முழங்காலுக்கு ஆபத்து. வெயில் படும் செங்குத்துச் சரிவுகளில் ஈரப் பனி பெயர்ந்து சரியும் அபாயமும் அப்போதுதான் கூடும்.

ஆக, ஜனவரியில் லிஃப்ட் நிற்கும்வரை மலையில் இருப்பவர் ஏப்ரலில் பிற்பகலிலேயே கீழே இறங்கிவிடுகிறார். அவருக்கு முன்னால் வெளிச்சமான நீண்ட மாலை காத்திருக்கிறது. விஸ்லரின் அட்சரேகையில் ஏப்ரல் நடுவில் இரவு எட்டு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் அவர் காரில் ஏறி வான்கூவர் திரும்பிவிடுவார். கச்சேரியை அந்த இடைவெளியில் வைத்ததுதான் விழாவின் மிகச் சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். அவரை இன்னும் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்தால் இரவு உணவு அங்கேயே. இரவு உணவு முடிந்தால், வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் இருட்டில் காரோட்டுவதா, ஓர் அறை எடுப்பதா என்ற கேள்வி எழும். காலியாக இருக்கும் அறையின் வாடகை குறைவு. பாதிப் பேர் இல்லை, பத்தில் ஒருவர் தங்கினாலும் ஊருக்கு அது வருமானம்.

மேடை நின்ற இடம்

விஸ்லர் கிராமம் எனப்படும் மையப்பகுதி தற்செயலாக வளர்ந்த ஊர் அல்ல. 1966இல் முதல் லிஃப்டுகள் ஓடத் தொடங்கியபோது அந்த இடத்தில் ஊரே இல்லை; பின்னர் அது குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 1975இல் விஸ்லர் சுற்றுலாவுக்கென்றே தனிச் சட்டத்தின் கீழ் நகராட்சியானது. கனடாவில் அப்படி அமைந்த முதல் நகராட்சி. எழுபதுகளின் இறுதியில் எல்டன் பெக் என்ற வடிவமைப்பாளர் கார்களை ஓரங்கட்டி, நடப்பவருக்கான வளைந்த தெருக்களையும் சதுக்கங்களையும் வரைந்தார். தெரு நேராக ஓடாமல் திரும்பித் திரும்பிப் போவதால் அடுத்த சதுக்கம் என்ன என்ற ஆவல் நடப்பவரை முன்னே இழுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் தெருக்கள் எல்லாம் போய்ச் சேரும் மலையடிவாரத் திறந்தவெளிதான் ஸ்கீயர்ஸ் பிளாசா. விழா மேடை அங்கேதான். மலையிலிருந்து சறுக்கி வருபவர் எந்தச் சாலையையும் கடக்க வேண்டியதில்லை, எந்த வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பலகையைக் கழற்றிப் பனியில் ஊன்றிவிட்டு நின்றால் கச்சேரிக்கு வந்தாகிவிட்டது. சறுக்குக் காலணி கெட்டியான பிளாஸ்டிக். கணுக்காலை முன்பக்கம் சாய்த்தே வைத்திருக்கும். நான்கு கொக்கிகளையும் தளர்த்திவிட்டால்தான் நிமிர்ந்தாவது நிற்க முடியும். ஆடுவது என்றால் இடுப்புக்கு மேலேதான். முன்வரிசையில் தலைக்கவசமும் குளிர்கண்ணாடியும் அணிந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் செருப்பும் சட்டையுமாக ஊர்க்காரர்கள், ஓரத்தில் சமையலறை மேலங்கியைக் கழற்றாமலே பத்து நிமிட இடைவேளையில் வந்து எட்டிப்பார்க்கும் உணவகப் பணியாளர். கிராமம் கடல்மட்டத்திலிருந்து 675 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உச்சியோ இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டும். மேலே பனி விழும் நாளில் கீழே மழை கொட்டும். மேடைக்கு வலுவான கூரையும், மின்கம்பிகளைத் தரையிலிருந்து உயர்த்திவைக்கும் ஏற்பாடும் இல்லாமல் இங்கே ஒரு மாலைகூடத் தாங்காது.

குளிரில் வாசிப்பது கலைஞர்களுக்கும் சுலபமல்ல. கிதாரின் உலோகக் கம்பி குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். காற்றுக் கருவிகளில் நேர்மாறு: குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் சுருதி இறங்கும். 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, பூஜ்ஜியத்தில் 331 மீட்டர்தான் போகிறது. மூச்சின் சூடு ஓரளவு ஈடுகட்டினாலும், டிரம்பெட் வாசிப்பவர் தன் பாட்டு வரும்வரை கருவியைக் கோட்டுக்குள் வைத்திருக்க வேண்டியிருக்கும். கிதாரும் டிரம்பெட்டும் எதிரெதிர்த் திசையில் விலகும்போது, பாட்டுகளுக்கு இடையே சுருதி சேர்க்கும் நேரம் நீளுகிறது. கேட்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த கூட்டம் இவ்வளவு பொறுமையாக இருக்குமா என்பது சந்தேகம்.

செலவை யார் ஏற்கிறார்கள்

வாசலில் வசூல் இல்லாத கச்சேரிக்கு வேறு நான்கு வாசல்கள் வழியாகப் பணம் வருகிறது. புரவலர் நிறுவனங்கள், ஓட்டல்கள், லிஃப்ட் நிறுவனம், நகராட்சி. விஸ்லரில் இவை நான்கும் வெவ்வேறு அளவில் கலந்திருந்தன.

புரவலருக்கு வேண்டியது கூட்டம். அதுவும் இளம் கூட்டம். தொலைபேசி நிறுவனமும் மதுபான நிறுவனமும் பனிச்சறுக்கு உடை விற்பவரும் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பார்க்கும் வாய்ப்பு ஆண்டில் அடிக்கடி வாய்ப்பதில்லை. கொலராடோவில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. ஆஸ்பெனிலும் ஸ்டீம்போட்டிலும் நடந்த இலவசக் கச்சேரித் தொடர்களின் பெயரிலேயே பட் லைட் பீர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டல்கள் பணமாகத் தருவதைவிட அறையாகத் தருவதையே விரும்புகின்றன. காலியாகக் கிடக்கும் அறையைப் பாடகர் குழுவுக்குக் கொடுப்பதில் அவர்களுக்கு இழப்பு மிகக் குறைவு. விழாவுக்கோ அது பெரிய செலவு மிச்சம். நகராட்சியின் பங்கு இரண்டு வகை. சாலை, காவல், துப்புரவு என்ற நேரடிப் பணி ஒன்று. மற்றொன்று, சுற்றுலா நகராட்சிகளுக்கு மாகாண அரசு பகிர்ந்தளிக்கும் நிதியிலிருந்தும் ஓட்டல் அறை வரியிலிருந்தும் விழாக்களுக்கு ஒதுக்கும் தொகை. ஓட்டலில் தங்குபவர் செலுத்தும் வரி, ஓட்டலில் தங்காமலே வருபவர் கேட்கும் பாட்டுக்கும் போகிறது என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு இதில் தவறு தெரியவில்லை. கூட்டமே இல்லாத சதுக்கத்தைப் பார்க்க எந்த விருந்தாளியும் இத்தனை தூரம் வருவதில்லை.

சின்னதாகத் தோன்றும் ஒரு செலவையும் சொல்ல வேண்டும். கச்சேரி இலவசம் என்பதால் பாட்டெழுதியவருக்கு உரிமைத்தொகை இல்லாமல் போய்விடாது. கனடாவில் இசைப் படைப்பாளிகள் சார்பில் உரிமைத்தொகை வசூலிக்கும் சோகன் அமைப்பு, டிக்கெட் உள்ள கச்சேரியில் வசூலில் 3 விழுக்காடு கேட்கிறது. டிக்கெட் இல்லாவிட்டால், கலைஞர்களுக்குத் தரும் ஊதியத்தில் 3 விழுக்காடு. நல்ல ஏற்பாடு. கேட்பவர் பணம் தராததன் சுமையைப் பாட்டெழுதியவர் தலையில் ஏற்றவில்லை.

பாடகர் குழுவின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. டிக்கெட் கச்சேரியில் கூட்டம் வராவிட்டால் நஷ்டம், பெயர் கெடும். இங்கே ஊதியம் நிச்சயம், கூட்டமும் அநேகமாக நிச்சயம். ஆனால் ஒரு சிக்கல்: அருகில் வான்கூவரில் அடுத்த மாதம் டிக்கெட் விற்றுக் கச்சேரி நடத்தப்போகும் குழு, இங்கே இலவசமாகப் பாட ஒப்புக்கொள்வது கடினம். குறிப்பிட்ட தூரத்துக்குள் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு நிகழ்ச்சி கூடாது என்று ஒப்பந்தங்களில் எழுதுவது இசைத் தொழிலில் சாதாரணம். அதனால் இத்தகைய மேடைகளில், உச்சத்தில் இருப்பவர்களைவிட வளர்ந்துவருபவர்களும், ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்தவர்களும்தான் அதிகம் கிடைப்பார்கள். அது குறையாக எனக்குப் படவில்லை.

இஷ்கில் போட்ட வேலி

ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் உள்ள இஷ்கில் ஏற்றது. ஏறத்தாழ 1,600 பேர் வாழும் மலைக்கிராமம். சுவிட்சர்லாந்தின் சாம்னான் வரை நீளும் அதன் சறுக்குத் தடங்கள் மே தொடக்கம் வரை திறந்திருக்கும். 1995இல் எல்டன் ஜானை அழைத்து 'மலையுச்சிக் கச்சேரி' என்ற தொடரைத் தொடங்கினார்கள். பருவத்தின் தொடக்கத்தில் ஒன்று, ஈஸ்டரில் ஒன்று, நிறைவில் ஒன்று என்று அது விரிந்தது. நிறைவுக் கச்சேரியில் 2014இல் ராபி வில்லியம்ஸ் பாடினார். 2019இல் லென்னி கிராவிட்ஸ்.

விஸ்லரில் காணக்கிடைக்காத பெரும்பெயர்கள் இவை. காரணம் வேலி. மேடை 2,320 மீட்டர் உயரத்தில் இடால்ப் என்ற மேட்டில் நிற்கிறது. கேபிள் காரில் ஏறித்தான் போக முடியும். கச்சேரிக்குத் தனி டிக்கெட் வேண்டியதில்லை, லிஃப்டுகளில் ஏறுவதற்கான அன்றைய ஸ்கீ பாஸ் போதும் என்பதுதான் அங்கே வழங்கிவந்த முறை. அதாவது கச்சேரியே பாஸை விற்கிறது. பாடகருக்குக் கொடுத்த தொகையை எத்தனை பாஸ் விற்றோம் என்று எண்ணி அன்று மாலையே சரிபார்த்துவிடலாம். பிரெஞ்சு–சுவிஸ் எல்லையில் உள்ள போர்ட் து சொலெய் தலங்களில் 2011 முதல் மார்ச்சில் நடக்கும் விழாவும் மலைமேல் கச்சேரிகளுக்கு இதே வழியைப் பின்பற்றுகிறது.

இஷ்கில் முறையில் கணக்கு சுத்தம், காட்சி பிரமாண்டம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. பாடகர் நீண்ட வரியை இழுக்கும்போது மூச்சு முட்டும். கச்சேரி முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்று சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும், அல்லது கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். குடித்துவிட்டுக் கூழ்ப்பனியில் இறங்குபவர்களைச் சமாளிப்பது மீட்புக் குழுவுக்கு எளிய வேலையல்ல.

ஆனால் பாஸ் வாங்க முடியாதவர் அங்கே கேட்க முடியாது. ஓட்டலில் பாத்திரம் கழுவுபவருக்குப் பாஸ் இல்லையென்றால், தன் ஊரின் மிகப் பெரிய மாலை அவருக்கு இல்லை. விஸ்லரின் சதுக்கத்தில் அவர் இருக்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஒரு குளிர்காலத்துக்கு வேலை விசாவில் வந்து, நான்கு பேர் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு, குறைந்த கூலிக்கு லிஃப்டில் ஆள் ஏற்றிவிட்ட இளைஞர்கள்தான் அந்த ஊரை ஓட்டுபவர்கள். ஏப்ரலோடு அவர்களில் பலருக்கு வேலை முடிகிறது. ஒருவரையொருவர் மறுபடி பார்ப்பார்களா என்பதே தெரியாது. அவர்கள் சேர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே விஸ்லர் முறையை நான் மேலானதாகக் கருதுகிறேன். பெரிய பெயர்கள் வராவிட்டாலும் சரி.

பலன் கிடைத்ததா

இங்கேதான் இலவசக் கச்சேரியின் பலவீனம் தெரிகிறது. வாசல் இல்லையென்றால் எண்ணிக்கை இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று விழாக்காரர்கள் சொல்வது, பார்வையில் கணக்கிட்ட மதிப்பீடு. ஒரே ஆள் ஐந்து மாலை வந்தால் ஐந்து பேராகக் கணக்கில் ஏறிவிடுவார். புரவலருக்குக் காட்டும் எண்ணை அப்படியே பலனாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்பத்தக்க அளவுகோல் ஓட்டல் அறை இரவுகள். அதிலும் ஈஸ்டர் குழப்பம் செய்யும். 2011 போல ஈஸ்டர் ஏப்ரல் பிற்பகுதியில் வந்த ஆண்டில் அறைகள் நிறைந்தால் அதைக் கச்சேரியின் புண்ணியமாக எழுதிவிட முடியாது. மார்ச்சிலேயே ஈஸ்டர் முடிந்துவிட்ட 2008, 2016 போன்ற ஆண்டுகளின் ஏப்ரலை மட்டும் தனியே எடுத்து, விழா வாரத்தையும் அதற்கு முந்தைய, பிந்தைய வாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். வேறெந்த ஊர் இதைச் செய்ய நினைத்தாலும் முதல் ஆண்டிலிருந்தே இப்படிப் பதிவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும், விழா கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. லாபம் இல்லாத ஏற்பாட்டுக்கு ஓட்டல்காரர்கள் ஆண்டுதோறும் அறை ஒதுக்க மாட்டார்கள்.

கோவிட் காலத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் நின்றது. 2020 மார்ச் 13 அன்று இஷ்கில் இருக்கும் பாஸ்னவுன் பள்ளத்தாக்கு முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குத் தொற்று பரவிய இடமாக அந்த ஊரின் பெயர் அடிபட்டது. இரண்டு நாள் கழித்து விஸ்லர் பிளாக்கோம்பின் லிஃப்டுகளும் நின்றன. அந்த ஏப்ரலில் விழா இல்லை. 2021இலும் இல்லை. 2022இல் மீண்டும் வந்தது. நெரிசலில் உடலோடு உடல் உரசி நிற்பதே பருவ இறுதிக் கொண்டாட்டத்தின் உயிர் என்பதால், அதைவிடப் பொருத்தமில்லாத நோய் வந்திருக்க முடியாது.

2016க்குப் பிறகு

விழாவின் பொருளாதார அடித்தளம் கோவிடுக்கு முன்பே அசையத் தொடங்கியிருந்தது. 2016இல் அமெரிக்காவின் வெய்ல் (Vail) ரிசார்ட்ஸ் நிறுவனம் விஸ்லர் பிளாக்கோம்பை ஏறத்தாழ 140 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனம் 2008இல் 579 டாலருக்கு அறிமுகப்படுத்திய எபிக் பாஸ் என்ற முழுப் பருவச் சீட்டு, பனிச்சறுக்குத் தொழிலின் கணக்கையே மாற்றிவிட்ட ஒன்று. பருவம் தொடங்கும் முன்பே மொத்தப் பணமும் வசூலாகிவிடுகிறது. வாங்கியவர் ஏப்ரலில் வந்தாலும் வராவிட்டாலும் லிஃப்ட் நிறுவனத்துக்கு வருமானத்தில் பெரிய மாற்றமில்லை.

1996இல் ஏப்ரலை நிரப்ப வேண்டிய அவசரம் லிஃப்ட் நிறுவனத்துக்கும் ஓட்டல்களுக்கும் ஒரே அளவில் இருந்தது. பாஸ் முறை வந்தபின் அந்தக் கூட்டு நலன் பிரிந்துவிட்டது. ஓட்டல்காரருக்கும் உணவகத்துக்கும் ஏப்ரல் இன்னும் பழைய ஏப்ரல்தான். லிஃப்ட் நிறுவனத்துக்கு வசந்தகாலம் என்பது முக்கியமாக அடுத்த ஆண்டின் பாஸை விற்கும் காலம். கச்சேரிக் கூட்டம் அதற்கு உதவலாம், ஆனால் இன்றியமையாதது அல்ல. விழாவின் சுமை மெல்ல நகராட்சியின் பக்கமும் உள்ளூர் வணிகர்களின் பக்கமும் சாய்வது இந்த மாற்றத்தின் இயல்பான விளைவு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் விழா பத்து நாளிலிருந்து சுருங்கியதை ஆர்வக்குறைவு என்று படிக்கிறார்கள். பணம் போடுபவர்களின் நலன்கள் பிரிந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பனியும் முன்புபோல இல்லை. பிளாக்கோம்ப் மலையின் ஹார்ஸ்ட்மன் பனியாறு சுருங்கியதால் அங்கே கோடைச் சறுக்கலுக்குப் பயன்பட்ட இழுவை லிஃப்டை அகற்ற வேண்டியதாயிற்று. உச்சியில் ஏப்ரலிலும் பனி ஆழமாகவே கிடக்கிறது என்றாலும், கிராமத்தின் உயரத்துக்குச் சறுக்கி வந்து சேரும் பனி எத்தனை ஏப்ரல்களுக்குத் தாங்கும் என்பது கவலைக்குரியது. பலகையைக் கழற்றி ஊன்றிவிட்டு அப்படியே கேட்கும் வசதிதான் ஸ்கீயர்ஸ் பிளாசாவின் தனிச்சிறப்பு. அது போனால், மேடையை மலைமேல் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காட்சிக்கு நன்றாகத்தான் இருக்கும். மேலே ஏற்றியவுடன் கேபிள் கார் டிக்கெட் வேலியாகிவிடும். அதைவிட, விழாவை இரண்டு வாரம் முன்னே நகர்த்தி, மார்ச் இறுதிப் பள்ளி விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் இடையில் எது காலியோ அங்கே ஆண்டுதோறும் பொருத்துவது நல்லது. தேதி மாறினால் விளம்பரத்துக்குச் சிரமம், போட்டியாளர்களின் பயணத் திட்டத்துக்கும் சிரமம். ஆனால் சதுக்கம் திறந்தே இருக்கும்.